வியாழக்கிழமை வலி

என் தோள்வலி மூன்றாவது வாரமே போய்விட்டது. எட்டாவது வாரம்வரை வலிக்கிறது என்று சொன்னேன். நான் மட்டும் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கனத்திருக்காது... என்னோடு இருந்த இரண்டு பெண்களையும் சொல்ல வைத்தேன்.

அதனால் ஒரு நல்ல வைத்தியம் தோற்றுப்போனது. அதைச் செய்தவர் தம் கைகளையே நம்பாமல் போனார். என் நாத்தனார் ஒன்றரை வருடம் தன் கொண்டையைத் தானே முடிய முடியாமல் இருந்தார்.

இதைச் சொல்லும்போது இடையிடையே எனக்குச் சிரிப்பு வரும். நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த நாட்கள் அப்படிப்பட்டவை.

அனுமந்தன்பட்டியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். எண்பதுகளின் தொடக்கம் அது. பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து, இரண்டு கைகளையும் தூக்கி, வாழைநாரால் கொடியைக் கட்டுவதுதான் எங்கள் வேலை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை கை கீழே இறங்காது. பந்தல் வேலைக்குப் போன பெண்களில் தோள் நோகாதவள் யார்? எனக்குக் கழுத்தும் தோளும் சேருமிடத்தில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு முடிச்சு. நான் மதினி என்று கூப்பிடும் என் நாத்தனார் பேச்சியம்மாளுக்கு வலது முன்தோளில் குடைச்சல். கை பின்னால் போகாது.

கம்பத்தில் இருந்த ஒரு சிறிய மருத்துவமனைக்கு இருவரும் போனோம். பெயர் வேண்டாமே. அங்கே புதிதாக ஒரு பெண் பிசியோதெரபி செய்ய வந்திருந்தார். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்காரர். லீலாம்மா என்று பெயர். நாங்கள் லீலாக்கா என்போம். மருத்துவமனையில் மின்சார மெஷின் ஒன்றும், சூட்டு விளக்கு ஒன்றும் வாங்கியிருந்தார்கள். லீலாக்காவுக்கோ கட்டைவிரல்மேல்தான் நம்பிக்கை. முடிச்சைத் தேடிப் பிடித்து, அது இளகும்வரை விரலால் அழுத்திப் பிடித்து, பிறகு தசையை மெல்ல இழுத்து நீட்டி விடுவார்.

எது மேல் என்று பார்த்துவிடலாம் என்றார் பெரிய டாக்டர். வரிசையில் முதலில் நிற்பவருக்கு மெஷின், அடுத்தவருக்குக் கை, அதற்கடுத்தவருக்கு மெஷின் என்று பிரித்தார்கள். மூத்தவள் என்ற உரிமையில் மதினி எனக்கு முன்னால் போய் நின்றார். மெஷின் கிடைத்ததில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

“எட்டு வாரம் கழிஞ்சு எது நல்லதுன்னு பாத்து, எல்லாருக்கும் அதையே செய்யலாம், கேட்டோ” என்றார் லீலாக்கா.

மெஷின்காரர்களுக்குத் திங்கட்கிழமை. கைவைத்தியத்துக்கு வந்த நாங்கள் நான்கு பெண்கள், எங்களுக்கு வியாழக்கிழமை.

எங்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. அதனால் லீலாக்கா மேசைமேல் பத்துப் புளியங்கொட்டைகளைப் பரப்புவார். எவ்வளவு வலியோ அவ்வளவு கொட்டைகளை அவர் பக்கம் தள்ள வேண்டும். முதல் வியாழன் நான் ஒன்பது தள்ளினேன். அவர் அந்த முடிச்சில் விரலை வைத்தார். அழுத்தியது தோளில், வலித்தது காதுக்குப் பின்னால்! “வலிக்குதா? எவ்வளவு வலிக்குது? பொறுக்க முடியுமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணமாகி எட்டு வருடம். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் என் தோள் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். குப்புறப் படுத்திருந்த அந்தக் கால்மணி நேரத்தில் என்னிடம் யாரும் சோறு கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. இப்படியும் ஒரு கால்மணி நேரம் உலகத்தில் இருக்கிறதா...

இரண்டாம் வாரம் எங்களில் ஒருத்தி ஒரு கொட்டையைக்கூடத் தள்ளாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வலி சுத்தமாக இல்லை என்றாள். லீலாக்கா அவள் கன்னத்தைத் தட்டி, “இனி வர வேண்டாம். வீட்டில் பயிற்சி மட்டும் செஞ்சா மதி, அது போதும்” என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த வியாழன் என் முறை. தோளை உருட்டிப் பார்த்தேன். வலி இல்லை. கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். இல்லவே இல்லை. புளியங்கொட்டைகளைப் பார்த்தேன். என் விரல்கள் ஏழு கொட்டைகளைத் தள்ளின.

லீலாக்காவின் முகம் வாடியது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

வெளியே வந்து பஸ்நிலையத்தில் டீ குடிக்கும்போது மற்ற இருவரிடமும் சொன்னேன். காமாட்சி சுருளிப்பட்டிக்காரி. டீ புரையேறச் சிரித்தாள்.

“எனக்கும் போன வாரமே போயிருச்சு. சொன்னா வர வேணாம்னு சொல்லிருவாகளேன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன்.”

மரியபுஷ்பத்துக்கும் வலி போயிருந்தது, ஆனால் அவள் கொஞ்சம் பயந்தவள். “பாவமில்லையா சுந்தரி?” என்றாள்.

“ஆருக்கு என்ன நட்டம்? நம்ம வலி, நம்ம கொட்ட. ஏழுக்குக் கீழ எறங்காதீக” என்றேன்.

அதன்பின் வந்த வியாழக்கிழமைகளை நான் எப்படிச் சொல்வேன்! விடியும்போதே மனம் கம்பத்துக்குப் போய்விடும். மூவரும் பஸ்நிலையத்தில் சேர்வோம். வலிக்கிற முகத்தை வழியெல்லாம் பழகிக்கொண்டு போவோம். காமாட்சி முனகுவதைக் கேட்டால் பிரசவ வார்டில்கூட அப்படி முனக மாட்டார்கள். உள்ளே ஒருத்தி படுத்திருக்க, வெளியே பெஞ்சில் மற்ற இருவரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குவோம்.

ஐந்தாவது வாரம் வைத்தியம் முடிந்ததும் காமாட்சி எங்களை நேரே சுருளி அருவிக்கு அழைத்துப்போனாள். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று நோயாளிகளும் கைகளை உச்சிக்குத் தூக்கிக்கொண்டு அருவிக்குள் நின்றோம். தோளில் தண்ணீர் அறைந்தது. மரியபுஷ்பம்தான் முதலில் கத்தினாள்: “ஏத்தா, எனக்கு ஏழு கொட்ட வலி!” பாறையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஈரச்சேலையோடு பஸ் ஏறியதற்குக் கண்டக்டர் திட்டினார். அவரைப் பார்த்தும் சிரித்தோம். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படிச் சிரித்ததில்லை.

அந்தச் சந்தோஷத்துக்காக நான் வருந்துகிறேனா? இல்லை. உண்மையைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன்... இல்லை.

எட்டாவது வாரம் எல்லோரையும் ஒரே நாளில் வரச் சொன்னார்கள். பெரிய டாக்டர் தாளைப் பார்த்தார். மெஷின் வைத்தவர்களுக்குச் சுமாராகக் குறைந்திருந்தது. கைவைத்தியத்தில் நான்கில் மூவருக்கு ஏழுக்குக் கீழே இறங்கவே இல்லை. “மெஷினே போதும்” என்று தாளை மடித்தார். லீலாக்கா எழுந்தார். எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

“முடிச்சு இளகுனது என் விரலுக்குத் தெரிஞ்சுது. பின்ன ஏன் உங்களுக்கு வலிக்குது? என் கை எனக்கே பொய் சொல்லுது போல” என்றார்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம் அல்லவா? ஒரு வார்த்தை போதும். திறக்கவில்லை. மரியபுஷ்பம் என் கையைக் கிள்ளினாள். நான் அவளை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

கைவைத்தியம் அன்றோடு நின்றது. அடுத்த வருடமே லீலாக்கா வேலையை விட்டுவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மதினி திங்கட்கிழமைதோறும் மெஷினுக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்று ஒரு நாள் சுகமாக இருக்கும். புதன்கிழமை குடைச்சல் திரும்பிவிடும். “கையால அமுக்குனா கேக்கலைன்னு ஒன்னய வச்சே தெரிஞ்சுபோச்சே. எனக்கு மெஷினுதான்” என்பார். கை பின்னால் வளையாது. ஒன்றரை வருடம், தினமும் காலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து தலையைக் காட்டுவார். நான் சீவி முடிந்து விடுவேன். வாழ்நாளெல்லாம் தன் கொண்டையைத் தானே இறுக்கிப் போட்ட மனுஷி, என் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். அந்தக் கொண்டையைச் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா...

ஒருநாள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, அவர் முதுகுப்பட்டையில் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். எட்டு வாரம் அனுபவித்த வைத்தியம் என் உடம்புக்கு மறக்கவில்லை. பட்டை எலும்பின்மேல் ஓரிடத்தில் முடிச்சு தட்டுப்பட்டது. அழுத்தினேன்.

“அந்தா... அங்கனதான். நீ பின்னால அமுக்குற, எனக்கு முன்தோள்ல தெறிக்குது!” என்றார் மதினி.

வலித்தது முன்னால். அதனால் மெஷினையும் முன்னால்தான் வைத்திருக்கிறார்கள். நோய் பின்னால் உட்கார்ந்திருந்தது. லீலாக்காவின் விரல் என்றால் முதல் நாளே அதைக் கண்டுபிடித்திருக்கும்.

தினமும் காலையில் அழுத்தினேன். கையை மெல்ல மெல்லப் பின்னால் இழுத்து விட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு காலை மதினி வரவில்லை. என்னவோ என்று அவர் வீட்டுக்கு ஓடினேன். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய்க் கொண்டையை முறுக்கிக்கொண்டிருந்தார். ஊசியைப் பல்லில் கடித்தபடியே சிரித்தார். நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அதுவும் பொய்யில்லை.

அன்று மதியம் பந்தலுக்குக் கீழே எல்லோர் முன்னாலும் கையைத் தூக்கிக் காட்டினார். தெருவே வந்து தோளைக் காட்டத் தொடங்கியது. என் வீட்டுக்காரர்கூட ஒருநாள் சட்டையைக் கழற்றிவிட்டுக் கூச்சத்தோடு உட்கார்ந்தார். எத்தனை முடிச்சுகளை இளக்கியிருப்பேன்... ஒவ்வொன்றும் விரலுக்குக் கீழே விட்டுக்கொடுக்கும்போது எனக்குள்ளும் ஏதோ ஒன்று துள்ளும். அந்த மகிழ்ச்சி எனக்குச் சொந்தமானதுதானா என்று கேட்டால் பதில் தெரியாது.

மதினி மட்டும் ஒருமுறை கேட்டார்.

“ஏ சுந்தரி, ஒனக்குக் கேக்காத வைத்தியம் எனக்கு மட்டும் எப்படிடீ கேட்டுச்சு?”

“ஒவ்வொரு ஒடம்பு ஒவ்வொரு மாதிரி மதினி” என்றேன்.

அவர் நம்பினார். என்னை நம்பாமல் இருக்க அவருக்குக் காரணம் ஏதும் இல்லை.

போன பொங்கலுக்கு மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று சொன்னார்: “அந்த மலையாளத்துப் பொண்ணுக்கு ஒரு காயிதம் போடணும்டி. ஒங்க வைத்தியம் நல்ல வைத்தியம்னு யாராச்சும் சொன்னாத்தான அவுகளுக்குத் தெரியும்?”

“முகவரி தெரியாதே மதினி” என்றேன்.

அது உண்மை. முகவரி எனக்குத் தெரியாது. ஆனால் கம்பத்துக்கு பஸ் ஏறிப்போய், அந்த மருத்துவமனையில் கேட்டால் யாராவது சொல்லியிருப்பார்கள். இத்தனை வருடங்களில் எத்தனையோ முறை அந்த வாசலைக் கடந்து போயிருக்கிறேன். ஒருமுறைகூட உள்ளே நுழைந்து கேட்கவில்லை.