கைபட்ட வேர்

இடுக்கியால் நாற்றின் வேரைப் பற்றித் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் கண்ணாடிக் குழாயில் இறக்குகிறார் அந்த ஆய்வாளர் அம்மையார். அது நிலைகொள்ளுமுன் அடுத்த குழாய்க்குப் போய்விடுகிறார். நாற்காலி அவருக்கு மேலங்கியை மாட்டிவைக்க மட்டுமே பயன்படுகிறது. தேநீரையும் நடந்தபடியே குடிப்பார், பாதி தரைக்கு.

வேர் நீரை உறிஞ்சுவதோடு நிற்பதில்லை. சர்க்கரையையும் புளிப்பு அமிலங்களையும் மண்ணில் கசியவிடுகிறது. அவற்றை உண்ண நுண்ணுயிரிகள் திரள்கின்றன. நோயுற்ற செடி இந்தக் கசிவின் மூலம் தனக்கு உதவும் நுண்ணுயிரியை அழைக்கிறது என்பது அம்மையாரின் துணிபு. கருத்தரங்கில் அறிவித்தும் விட்டார். இந்தச் சோதனை பொய்த்தால் அறிவித்ததைத் திரும்பப் பெற வேண்டும்.

வீட்டிலும் இதே பேச்சுதான். "கசிவே வரலை அத்தை" என்று ஒரு காலை அவர் கண்கலங்க, "வரலைன்னா நிம்மதிதானே? அந்தச் சமையலறைக் குழாயோட எவ்வளவு பாடுபட்டோம்!" என்றாராம் மாமியார்.

நேற்று நுண்ணோக்கியின் கீழ், நோயுற்ற செடியின் வேரை நுண்ணுயிரிகள் மொய்த்துக்கிடந்தன.

"சார், ஓடி வாங்க! விருந்தாளிங்க வந்தாச்சு!"

எதிர்மேசை ஆய்வாளர் நிதானமாக வந்தார். அவருக்கு ஆய்வகம் இட்ட பெயர் 'சந்தேகம்'.

"நோயில்லாத செடியையும் கொஞ்சம் காட்டுங்க மேடம்."

அதன் வேரிலும் அதே கூட்டம்.

"இங்க பத்திரிகை வைக்காமலே வந்துட்டாங்களாக்கும்?"

அம்மையார் மறுபடியும் நுண்ணோக்கியின் மேல் குனிந்தார். குனிந்தவர் நிமிர நெடுநேரமாயிற்று. கூட்டம் வேர் முழுவதும் இல்லை, ஓரிடத்தில்தான். அங்கே இடுக்கி அழுத்திய தடம், அருகருகே இரண்டு பள்ளங்கள். மற்ற வேர்களிலும் அப்படியே.

"செடி கூப்பிடலை சார். நான் கிள்ளுன கிள்ளுல அலறியிருக்கு. காயத்துல வழிஞ்சதைத்தான் இதுங்க தின்னுட்டு இருக்கு."

"அப்போ நீங்க சொன்னது பொய்யா?"

"பொய்னும் சொல்ல முடியாது, மெய்னும் சொல்ல முடியாது. தொடாம வளர்த்துப் பாத்தாத்தான் தெரியும்."

"தொடாமலா? நீங்களா?" சந்தேகம் வாய்விட்டுச் சிரித்தார்.

இன்று காலை புதிய நாற்றுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார் அம்மையார். பூட்டை இழுத்துப் பார்த்தார். திருப்தியில்லாமல் மறுபடியும் இழுத்தார். பிறகு சாவியைச் சந்தேகத்தின் சட்டைப்பையில் போட்டார்.

"நான் காலைப் பிடிச்சுக் கேட்டாலும் குடுத்துடாதீங்க சார்."

விடுவிடுவென்று வெளியே நடந்தார். கதவுவரை போனவர் திரும்பி வந்து, அவர் முன்னே கையை நீட்டினார்.