விறகின் சத்தம் கேட்பவர்

இரண்டு விறகுக் கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்கிறார் நிஷாந்தி. பிறகு ஒன்றை மூக்கருகே கொண்டுபோய், மல்லிகைச் சரம் வாங்க வந்தவர் போல முகர்கிறார். 'டங்' என்றால் காய்ந்தது, 'தொப்' என்றால் பச்சையாம். நானும் தட்டிப் பார்த்தேன். என் காதுக்கு எல்லாம் ஒன்றுதான்!

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இவர் கொள்வனவு அதிகாரி. சாக்கு, தராசு, அடுப்புக்கு விறகு என்று எதுவும் இவர் கை படாமல் உள்ளே போகாது. சாமான் வாங்குவதில் அப்படியென்ன வித்தை என்று வாய்விட்டுக் கேட்டுத் தொலைத்தேன்.

"ஈர வெறகு போனா சூடு ஏறாதுங்க. பொகையடிக்கும். பொம்பளைங்க மழையில நனைஞ்சு பறிச்ச கொழுந்து பூராவும் பாழாப் போயிரும். அப்புறம் நம்ம தேயிலைய எவன் வாங்குவான்?"

கடைத்தெருவிலும் இதே குணம்தான். பிஸ்கட் பாக்கெட்டைக்கூடக் காதருகே ஆட்டிப் பார்ப்பாராம். "வீட்டுச் சாமானெல்லாம் எங்க வீட்டுக்காரருதான் வாங்குவாரு. என்னையக் கண்டா கடைக்காரவங்க மொகமே சுருங்கிப்போயிரும்" என்று சிரிக்கிறார்.

அன்று தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே வந்து நின்றது அவருடைய அக்காள் கணவர் முத்துலிங்கத்தின் லொறி. விறகு ஒப்பந்தம் அவருக்குப் புதிது. முதல் லோடே திரும்பினால் ஒப்பந்தம் கைநழுவிவிடும் என்பது இருவருக்கும் தெரியும்.

நிஷாந்தி வெளியே போய், அடியிலிருந்து இரண்டு கட்டைகளை உருவித் தட்டினார். தொப். இம்முறை எனக்கே கேட்டது.

"மாமா, மேலதான் காஞ்சது. அடியில பூரா பச்சை. எடுக்க ஏலாது."

"நம்ம புள்ள இருக்கிற எடம்னு நம்பித்தானே வந்தேன்? ஒங்க அக்காகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?"

"அக்கா பறிக்கிற கொழுந்தும் இந்த அடுப்புலதான் மாமா காயுது."

முத்துலிங்கம் லொறியில் சாய்ந்து நின்றார். எனக்குப் பாவமாகிவிட்டது. ஒரே ஒரு லோடுதானே, விட்டால்தான் என்ன என்று மனம் அடித்துக்கொண்டது. நிஷாந்தி விறுவிறுவென்று உள்ளே வந்தார். காவலாளி கேட்டைச் சாத்தினார். சற்று நேரத்தில் ஆவி பறக்கும் தேநீரோடு திரும்பி வந்தார் நிஷாந்தி. அப்பாடா, மனம் இளகிவிட்டது, இனி லொறி உள்ளே வரும் என்று நினைத்தேன்.

கேட்டைத் திறக்கச் சொல்லவில்லை. கம்பிகளுக்கு இடையே கையை விட்டுக் கோப்பையை நீட்டினார். முத்துலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிஷாந்தி நீட்டிய கையை மடக்காமல் தூறலில் நின்றுகொண்டிருந்தார்.