கண்ணாடிக்காரர் வாங்கிய சத்தப்பெட்டி

பேருந்து நிலையத்துக்கு எதிர்த்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் ஊரே அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிட்டது. கண் பரிசோதனையும் அவரேதான். வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, கனத்த இரும்புச் சட்டம் ஒன்றை மூக்கில் மாட்டி, சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்பார். எதிரில் இருப்பவர் "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று பத்துத் தடவை சொன்னாலும் முகம் சுளிக்காமல் அடுத்த சில்லை எடுப்பார். அப்படி ஒரு பொறுமைசாலி.

அந்தப் பொறுமை கடை ஷட்டரோடு சரி. கிட்டாரைத் தொட்டுவிட்டால் ஆள் வேறு.

கல்லூரி நாளிலிருந்தே வாசிக்கிறார். சுமாராக வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய சகலையின் டிரைவிங் ஸ்கூல் வகுப்பறையில் நாலு பேர் கூடுவார்கள். சகலை டிரம்ஸ் அடிப்பார். அவருக்கு நேர் பின்னால், சுவரில், "ஹாரன் அடிக்காதே" என்ற சாலைக்குறி மாட்டியிருக்கும். சகலையின் மனைவி, அதாவது கண்ணாடிக்காரரின் மைத்துனி, பாடுவாள். மருந்துக்கடைக்காரர் ஒருவர் பேஸ் கிட்டார் வாசிப்பார். அவர் வாய் திறந்து பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் கண்ணாடிக்காரர் போனில் ஒரு வீடியோ பார்த்தார். ஒரு பையன் காலால் ஒரு பெட்டியை அமுக்குகிறான், கிட்டார் அழுகிறது. இன்னொன்றை அமுக்குகிறான், மழை பெய்கிறது. தன் கிட்டார் இத்தனை வருடமாக ஒரே குரலில் பேசிக்கொண்டிருப்பதாக அவருக்குப் பட்டது. அடுத்த வாரமே பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

அகராதியை நீளவாக்கில் படுக்கவைத்த அளவு இருக்கும். வரிசையாகக் கால் பித்தான்கள், திருகுகள், ஒரு சின்னத் திரை. உள்ளே இருநூறு சத்தங்கள் தயாராக இருந்தன. கடையின் பின்னறையில் பிரேம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் பிடிக்கவில்லை. பிறகு தானே கலக்க ஆரம்பித்தார். கரகரப்பை ஏற்றினார். அதன்மேல் எக்கோ. எக்கோவின்மேல் குகைக்குள் வாசிப்பது போன்ற முழக்கம். பேஸ் என்கிற அடிச்சத்தத்தை முழுக்க ஏற்றினார். ஒரே ஒரு கம்பியைத் தட்டினார். அது உருண்டு, எழும்பி, மலையில் மோதித் திரும்பி வந்தது. கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

முன்னறையில், பரிசோதனைச் சட்டத்தை மாட்டிக்கொண்டு, ஒரு கண் மறைக்கப்பட்ட நிலையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர் வரவேயில்லை. அந்த அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, சட்டத்தோடேயே எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு பின்னறைக்கு வந்து அவர் தோளைத் தட்டினார்.

"தம்பி, இந்தக் கண்ணைத் தொறந்துக்கலாமா?"

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மனைவி வேலைக்குப் போய்க் களைத்து வருவாள். அவளுக்குப் பேருந்து நிலையத்தில் வேலை. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று நாளெல்லாம் மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கும் குரல் அவளுடையது. வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சோபாவில் உட்காரவைத்துவிடுவார்.

"நல்லாக் கேளு. இது நல்லாருக்கா?" டொய்ங். "இல்ல இதுவா?" டொய்ங்.

"ரெண்டும் நல்லாருக்குங்க."

"ரெண்டும் எப்படி நல்லாருக்கும்? ஒண்ணச் சொல்லு."

"அப்போ முதல்ல வாசிச்சது."

அவருக்கு முகம் மலர்ந்தது. "பாத்தியா! ஏன், அதுல என்ன பிடிச்சிது?"

"அது சீக்கிரம் முடிஞ்சுது."

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார். வகுப்பறையில் இருந்த, கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெரிய ஆம்ப்பில் செருகினார். தனியாக ஒரு தட்டுத் தட்டியபோது எல்லாரும் "அடேயப்பா" என்றார்கள். அந்த ஒரு "அடேயப்பா"வோடு சரி. டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போனது.

"சகலை, வயரு எங்கயோ கழண்டிருக்கு போல. சத்தமே வரல" என்றார் சகலை.

"வருதே!"

"எங்க வருது?"

ஆம்ப்பை இன்னும் ஏற்றினார். சுவரிலிருந்த சாலைக்குறிகள் நடுங்கின. "குறுகிய பாலம்" கழன்று கீழே விழுந்தது. பாட்டு என்னவென்று தெரியாமல் ஒரு பொத்தாம்பொதுவான உறுமல் மட்டும் அறையை நிறைத்தது. மருந்துக்கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்து, நிதானமாக இரண்டாகப் பிய்த்து, காதுக்கு ஒன்றாகச் செருகிக்கொண்டு வாசிப்பைத் தொடர்ந்தார்.

மைத்துனி பாட்டை நிறுத்திவிட்டாள். "மாமா, நான் பாடுறது எனக்கே கேக்கல. மாடி வீட்டுல யாரோ பீரோவ இழுக்குற மாதிரி இருக்கு."

கண்ணாடிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் வயரை மாற்றினார். அடுத்த வாரம் கம்பிகளை மாற்றினார். அப்புறம் அறை சரியில்லை என்றார். கடைசியில் பழி டிரம்ஸ் மேல் விழுந்தது. அதன்மேல் போர்வை போட்டு மூடி அடிக்க முடியுமா என்று கேட்டுவிட்டார்.

சகலைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னிக்கு டிரம்ஸுக்குப் போர்வைம்பீங்க, நாளைக்கு என்னையே சுருட்டி மூலைல வெச்சிருவீங்க. பழைய சத்தத்துக்கு என்ன குறைச்சல் சகலை? நல்லாத்தானே இருந்துச்சு!"

"உங்களுக்கு ரசனை இல்ல, சகலை."

அன்றோடு இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. சொல்ல வேண்டியதை அக்கா தங்கை வழியாகச் சொல்லி அனுப்பினார்கள். அக்கா போனை எடுத்தால் தங்கையோடு ஒரு மணி நேரம் பேசுவாள். ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்து வைத்துவிட்டு, "அய்யய்யோ, நீங்க சொன்னத சொல்ல மறந்துட்டேன்" என்பாள்.

இந்தச் சமயம் பார்த்துப் பேருந்து நிலைய அதிகாரி ஓய்வு பெற்றார். பணிமனைக் கொட்டகையில் பிரிவுபசார விழா. "எங்க வீட்டுக்காரர் குழு வந்து வாசிக்கும் சார்" என்று மனைவி எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தாள். இப்போது குழுவில் பாதிப்பேர் மீதிப்பேரோடு பேசுவதில்லை.

அதிகாரிக்குப் பரிசு வாங்க மனைவியை அழைத்துப்போக, ஒரு மாலை கண்ணாடிக்காரர் நிலையத்துக்குப் போனார். அவள் வேலை முடிய நேரமிருந்தது. மேடை ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். வண்டிகள் ஒன்றையொன்று இடிக்காத குறையாக உறுமிக்கொண்டிருந்தன. நடத்துநர்கள் கத்தினார்கள். ஒரு குழந்தை எதற்கோ வீறிட்டது. பக்கத்திலிருந்த ஆள் சொல்வது பக்கத்திலிருந்த ஆளுக்கே கேட்கவில்லை. அத்தனைக்கும் நடுவில் மனைவியின் குரல் கம்பி மாதிரி வந்தது. அருகில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் அதைக் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு ஐந்தாம் மேடைக்கு ஓடினார்.

வீட்டில் அவள் குரல் அப்படி இருக்காது. மென்மையாக, அடித்தொண்டையிலிருந்து வரும். மைக்கில்தான் இப்படி மூக்கடைத்த மாதிரி பேசுவாள். அதைச் சொல்லிக் கேலி செய்வது அவருக்கு வழக்கம். அன்றைக்குக் கேலி வரவில்லை.

அவள் வந்ததும் கேட்டார். "ஏன் மைக்ல மட்டும் மூக்கால பேசுற?"

"தெரிஞ்சேதான் பேசுறேன். வீட்டுல பேசுற மாதிரி பேசுனா ஒருத்தரும் சரியான பஸ்ஸுல ஏற மாட்டாங்க. சரி, சாருக்குக் குடை வாங்கலாமா, கடிகாரமா?"

"எதுன்னாலும் சரி" என்றவர், பரிசுப் பேச்சையும் மனைவியையும் அங்கேயே விட்டுவிட்டு வேகமாக நடந்தார்.

மறுநாள் பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தை முதல்முறையாகப் பிரித்துப் படித்தார். அதில் ஒரு விஷயம் இருந்தது. ஹெட்போனில் கேட்கும்போது ஒலிபெருக்கி வழியாகக் கேட்பதுபோல் பாவனை காட்ட ஒரு வசதி உண்டாம். ஆம்ப்பில் செருகினால் அதை அணைத்துவிட வேண்டுமாம். அவர் ஒரு நாளும் அணைத்ததில்லை. கம்பளி போர்த்தியவனுக்கு மேலும் ஒரு கம்பளியைப் போர்த்தி, ஏன் முனகுகிறாய் என்று இத்தனை வாரம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நேரே டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார். சகலை மேஜையில் தலையைக் குனிந்துகொண்டு எதையோ எழுதுவதுபோல் பாவனை செய்தார்.

"சகலை, நீங்க அடிங்க. எவ்வளவு பலமா வேணாலும் அடிங்க. உங்க சத்தத்துக்கு நடுவுல எனக்கு எங்க எடம் இருக்குன்னு நான் பாத்துக்கறேன்."

சகலை பேனாவை மூடினார். "போர்வை?"

"போர்வையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

மனசு குளிர்ந்துவிட்டது சகலைக்கு. அந்தக் குளிர்ச்சியில் அடித்த அடியில் குச்சி ஒன்று முறிந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடினார்கள். டிரம்ஸும் பேஸும் ஓடிக்கொண்டிருக்க, கண்ணாடிக்காரர் தரையில் குந்தி உட்கார்ந்து திருகுகளைத் திருப்பினார். அது பேஸ் கிட்டாருடையது, நமக்கு எதற்கு என்று அடிச்சத்தத்தைக் குறைத்தார். கரகரப்பைப் பாதியாக்கினார். எக்கோவைத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு வைத்தார். மனைவியின் மைக் குரல் மாதிரி மூக்கால் பேசும் நடுச்சத்தத்தை மட்டும் ஏற்றினார். இடையில் எல்லாரையும் நிறுத்தச் சொல்லித் தனியாக வாசித்துப் பார்த்தார். தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போலிருந்தது. கை தன்னால் பழைய இடத்துக்குத் திருகைத் திருப்பப் போனது. அடக்கிக்கொண்டார்.

மறுபடி எல்லாரும் சேர்ந்து வாசித்தபோது அந்த வண்டு பாட்டாகிவிட்டது. மைத்துனி ஒரு பல்லவியை முழுதாகப் பாடி முடித்தாள். மருந்துக்கடைக்காரர் காதிலிருந்து பஞ்சை எடுத்தார். "கேக்குது" என்றார். அவர் பேசியதே பெரிய விஷயம் என்பதால் எல்லாரும் கைதட்டினார்கள்.

விழா அன்று கண்ணாடிக்காரருக்கு மனைவி புது ஷூ வாங்கிக் கொடுத்திருந்தாள். முன்பக்கம் அகலமாக, பளபளவென்று. அவர் இதுவரை பெட்டியை அமுக்கியதெல்லாம் வெறுங்காலால்தான். இரண்டாவது பாட்டின் நடுவில் கிட்டார் தனியாக வரும் இடம். சத்தத்தைக் கொஞ்சம் உயர்த்தும் பித்தானை அமுக்கினார். ஷூ பக்கத்துப் பித்தானையும் சேர்த்து அமுக்கியது. அது, வாசிப்பதைப் பதிவுசெய்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் பித்தான். பதறிப்போய் இன்னொரு முறை மிதித்தார். அவ்வளவுதான். அவர் வாசித்த ஒரு துண்டு தானே திரும்ப ஆரம்பித்தது.

கையை எடுத்தார். கிட்டார் நிற்கவில்லை. கம்பிகளைப் பொத்தினார். அது பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. துண்டு அரைத் தாளம் குறைவாகப் பதிவாகியிருந்ததால் ஒவ்வொரு சுற்றும் முந்திக்கொண்டு வந்தது. கற்றுக்குட்டி ஓட்டும் காரில் பல வருடம் உட்கார்ந்து பழகிய சகலை மட்டும் அசரவில்லை. எங்கே தூக்கிப்போடும் என்று பார்த்து அங்கே அங்கே அடித்து ஒப்பேற்றினார். மைத்துனி, "மாமா, நிறுத்துங்க!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது மைக்கில் கேட்டது. கண்ணாடிக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

கொட்டகையே எழுந்து நின்றது. ஓட்டுநர்கள் விசில் அடித்தார்கள். கடைசியில் மருந்துக்கடைக்காரர் நடந்துபோய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார்.

ஓய்வு பெற்ற அதிகாரி குடையும் கையுமாக மேடைக்கு வந்தார். "எவ்வளவோ கச்சேரி பாத்திருக்கேன். கையையே எடுத்துட்டு வாசிக்கிறத இப்பதான் பாக்குறேன். எப்படிங்க?"

"எல்லாம் பழக்கந்தான் சார்" என்றார் கண்ணாடிக்காரர். பக்கத்தில் நின்ற மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கொட்டகைக்கு வெளியே போய்விட்டாள்.

இப்போது பெட்டியில் அவர் வைத்துக்கொண்டிருப்பது மூன்று சத்தங்கள்தான். மற்றவற்றின் பக்கமே போவதில்லை. கூப்பிடுகிற இடத்திலெல்லாம் கையைத் தூக்கும் அந்த வித்தையைக் கேட்கிறார்கள் என்பதால், ஞாயிறுதோறும் சகலை அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கியிருக்கிறார். வேண்டுமென்றே மிதித்தால் ஒரு தடவைகூடச் சரியாக வருவதில்லை.