அம்மாவின் அணி

அம்மா அயர்லாந்துக்குப் போன வருடம் எனக்கு ஒன்பது வயது. டெல்லியில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தவள் அவள். அந்த நாட்டின் மேற்குக் கடலோரத்து ஊர் ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஜனக்புரியின் இரண்டாம் மாடி வீட்டில் அப்பாவும் நானும் மிஞ்சினோம். அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் அப்பர் டிவிஷன் கிளார்க். பேசாமல் ஒரு நாளைக் கடத்திவிடக்கூடிய மனிதர். பள்ளி விட்டு வந்து, கழுத்தில் கயிற்றோடு தொங்கும் சாவியால் நானே கதவைத் திறப்பேன். டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு வேறு அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். வீட்டில் யாரோ இருப்பது போலிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவின் போன் வரும். முதல் சில வாரங்கள் சாப்பாடு, குளிர், என் மார்க் என்று பேச்சு ஓடியது. பிறகு அதுவும் தீர்ந்துபோயிற்று. அப்பா ரிசீவரைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் அம்மாவும் ஏதாவது ஒரு சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமைதான் அவள் ரக்பியைப் பற்றிச் சொன்னாள். அவள் வாடகைக்கு இருந்த அறை, கணவனை இழந்த ஓர் அம்மாளின் வீட்டு மாடியில் இருந்தது. அந்த அம்மாளின் தங்கை மகன் அந்த மாகாணத்து ரக்பி அணியில் ஆடினான். முன்பெல்லாம் அங்கே ரக்பி சம்பளமில்லாத ஆட்டமாம். வாத்தியார்களும் பேங்க்காரர்களும் வேலை முடிந்து வந்து ஆடுவார்களாம். சில வருடங்களாகத்தான் அதுவே உத்தியோகமாகிவிட்டது. அந்தப் பையனும் தச்சு வேலையை விட்டுவிட்டுச் சம்பளத்துக்கு ஆட வந்தவன். வீட்டுக்கார அம்மாள் வற்புறுத்தி அம்மாவை ஆட்டம் பார்க்கக் கூட்டிப் போயிருக்கிறாள். மைதானத்தைச் சுற்றி நாய்ப் பந்தயத்துக்கான பாதையாம். கடல் காற்றில் மழை குறுக்கே அடிக்குமாம். பந்து முட்டை வடிவமாம். அப்பா சிரித்தார். அவர் போனில் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு போன் வருவதற்கு முன்பே அப்பா என்னை மார்க்கெட்டிலிருந்த சைபர் கஃபேக்குக் கூட்டிப் போனார். கஃபேக்கார அண்ணன், பையா என்றுதான் கூப்பிடுவோம், எங்களுக்கு ஒரு ஸ்டூலும் ஒரு நாற்காலியும் போட்டார். அந்த அணியின் இணையப் பக்கம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்லத் திறந்தது. தோற்றிருந்தார்கள். அப்பா அதை ஒரு முக்கியமான கோப்பைப் படிப்பது போலப் படித்தார். விதிகளையும் படித்தார். வீட்டுக்கு வந்ததும், பந்தைக் கையால் முன்னால் எறியக்கூடாது, பக்கத்திலோ பின்னாலோதான் கொடுக்கவேண்டும் என்று என்னிடம் விளக்கினார். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி. எதிரணி தப்புச் செய்தால் பந்தை உதைக்க ஒரு வாய்ப்பு; அதைக் கோட்டில் நிற்கும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே அடித்தால் மூன்று.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் மாறிவிட்டன. சனிக்கிழமை நடந்த ஆட்டத்தை அம்மா சொல்லுவாள். அப்பா கேள்வி கேட்பார். நான் எக்ஸ்டென்ஷன் போனில் மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருப்பேன். பள்ளியில் இதைச் சொல்ல ஆளில்லை. எல்லோரும் கிரிக்கெட். ரக்பி என்றதும் ஒருத்தி அது ஷாம்பூவா என்று கேட்டாள். எனக்குக் கவலையில்லை. சீசன் முடிந்ததும் வந்துவிடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். செப்டம்பரில் தொடங்கி மே மாதம் முடிகிற ஒன்றுக்கு சீசன் என்று பெயர் என்பதை, அவளுக்காகக் காத்திருந்துதான் கற்றுக்கொண்டேன்.

ஜனவரியில், ஜன்னலுக்கு வெளியே எதிர் பிளாக்கூடத் தெரியாத பனிமூட்ட நாளொன்றில், அம்மா வேறு குரலில் பேசினாள். நான்கு மாகாண அணிகளில் அவர்களுடையதுதான் சின்னது, ஏழை. அதை மூடிவிடப் போகிறார்கள் என்று பேச்சு. ஊரே திரண்டு தலைநகருக்குப் போய் ஊர்வலம் நடத்தியிருக்கிறது. அம்மாவும் போயிருக்கிறாள். வீட்டுக்கார அம்மாள் கொடுத்த பச்சை மஃப்ளரைக் கட்டிக்கொண்டு, கோஷம் போட்டுக்கொண்டு. டெல்லி பஸ்ஸில் இறங்குமிடம் வந்தால்கூடச் சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடக்கிறவள் அம்மா.

"நீ எதுக்குட்டி போனே?" என்று அப்பா கேட்டார்.

"எல்லாரும் போனாங்க. நானும் அந்த ஊர்லதான இருக்கேன்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்றேன்.

அணியை மூடவில்லை. அந்தச் செய்தியைத் திரையில் பார்த்தபோது நான் கை தட்டினேன். கஃபேக்கார பையாவும் என்னவென்று தெரியாமல் கூடவே தட்டினார். அப்பா, "நல்லது" என்று மட்டும் சொன்னார்.

சீசனின் கடைசி ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்கள். ஆட்டம் முடியும் நேரம், மூன்று புள்ளி பின்தங்கியிருந்தார்கள். எதிரணியின் தப்பால் உதைக்கும் வாய்ப்பு கிடைத்தது. நேராக, சுலபமான இடம். அடித்திருந்தால் ஆட்டம் டிரா. ஆனால் கேப்டன் பந்தை மூலைப் பக்கம் வெளியே உதைத்து, விதிப்படி மறுபடி தங்களுக்கே கிடைக்கும் பந்தோடு அங்கிருந்து கோட்டைத் தாண்டி ஜெயிக்கப் பார்த்தான். தாண்ட முடியவில்லை.

ஜூனில் அம்மா வந்தாள். லீவில்தான் வந்திருக்கிறாள், திரும்பிப் போகவேண்டும் என்பது இரண்டாம் நாள் எனக்குத் தெரிந்தது. பெட்டியிலிருந்து எனக்கு ஒரு ரக்பி பந்து எடுத்துத் தந்தாள். கூலர் ஓடிக்கொண்டிருந்த அறையில் முதல் சில நாட்கள் இருவரும் விருந்தாளிகளைப் போலப் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா அந்தக் கடைசி ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார். எனக்கு உற்சாகமாகிவிட்டது. தயிர்க் கிண்ணத்தையும் ஊறுகாய்ப் பாட்டிலையும் கம்பங்களாக நகர்த்தி வைத்தேன்.

"கையில கெடச்சத எடுத்திருக்கணும்," என்றார் அப்பா. "அத விட்டுட்டு ஓடுனா, உள்ளதும் போச்சு. அந்த கேப்டனுக்கு என்ன அவசரம்?"

"எத்தன நாளைக்கு டிரா போட்டுக்கிட்டே இருக்க முடியும்? ஒரு தடவையாவது துணிஞ்சு போவணும்லா."

"துணிஞ்சு போயி? அங்க போயி கைய கட்டிக்கிட்டு உக்காரவா?"

"கொஞ்ச நாள்தான். அப்புறம் சரியாயிரும்னு எல்லாரும் சொல்லுதாங்க."

"தோத்துட்டா? திரும்ப யாரு கூப்பிட்டு இந்த மூணு பாயிண்ட்ட தருவா?"

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுட்டி. நீயா இருந்தா என்ன செய்வே?"

இருவரும் என்னையே பார்த்தார்கள். வருடம் முழுக்க ரக்பி பேச ஆளில்லாமல் இருந்த எனக்கு, கடைசியில் கருத்துக் கேட்கப்பட்டதில் மார்பு விரிந்தது. நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

"அடிச்சிருப்பேன். டிரா ஆயிருக்கும். யாரும் தோத்திருக்க மாட்டாங்க."

அப்பா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அம்மா என் தலையில் இடது கையை வைத்து, "சரி," என்றாள். எழுந்து தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

எங்கள் இருவருக்கும் விசா வாங்க வழி செய்துவிட்டுத்தான் அம்மா வந்திருந்தாள் என்பதும், போனால் அப்பா அரசாங்க வேலையை விட்டுவிடவேண்டும், அங்கே அவர் வேலை பார்க்க அனுமதி இல்லை என்பதும் எனக்கு வெகு காலம் கழித்துத் தெரிந்தது. அம்மா ஜூலையில் தனியாகத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு அவள் வந்ததெல்லாம் லீவில்தான்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் ஒன்றுதான்: அம்மாவும் அப்பாவும் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி நான் பார்த்ததில்லை. பேச்சு நின்றுவிடக்கூடாதே என்று, சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டு, அந்தக் கேப்டன் அடுத்த வருடமும் ஆடுவானா என்று அம்மாவிடம் கேட்டேன்.