ஞானஸ்நானச் சட்டையின் வாசம்

நான் கலியாணம் முடித்துப் போனது மனைவியின் வீட்டுக்கு. எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். தாய் தகப்பன் இல்லாத வீடு அது. மனைவிக்கு ஒரு அக்கா, ஒரு தம்பி. அக்காதான் இரண்டு பேரையும் வளர்த்து ஆளாக்கியவர். அதற்காகவே தான் கலியாணம் கட்டாமல் இருந்துவிட்டவர். நான் அவரை மச்சாள் என்று கூப்பிடுவேன். அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

தம்பியும் நானும் ஒரே வள்ளத்தில் கடல் தொழிலுக்குப் போகிறவர்கள். எங்கள் உடுப்பில் மீன் மணம் ஊறிக் கிடக்கும். மச்சாளுக்கு அந்த மணம் என்றால் வெறுப்பு. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில், தன் உடுப்பின் மீன் மணத்துக்குப் பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பி வேறு வாங்கில் போய் இருந்ததை அவர் மறக்கவே இல்லை. சனிக்கிழமை வந்தால் வீட்டில் உள்ள எல்லா உடுப்பையும் ஒன்றாகப் போட்டு, வாசச் சலவைத் தூளில் துவைத்து, கடைசியில் துணியை மெதுவாக்கும் வாசத் தண்ணீரில் முக்கி எடுப்பார். போத்தலில் ஒரு மூடி என்று போட்டிருந்தால் அவர் மூன்று மூடி ஊற்றுவார். ஞாயிறு பூசைக்கு நாங்கள் போய் இருந்தால், முன் வாங்குக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு மணக்கும். அது அவருக்குப் பெருமை.

என் மகளுக்கு இரண்டாம் மாதம் நடக்கும்போது கழுத்து மடிப்பிலும் முதுகிலும் சிவப்பாகத் தடித்தது. பிறகு தோல் உரிந்து நீர் கசிந்தது. பிள்ளை கத்திய கத்தலில் முலைப்பாலும் குடிக்கவில்லை. கிளினிக்கில் மிட்வைஃப் சட்டையை மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"இந்த வாசம்தான் பிள்ளையின்ர வருத்தத்துக்குக் காரணம். வாசமில்லாத சவர்க்காரத்தில தனிய துவையுங்கோ. நல்ல தண்ணியில ரெண்டுதரம் அலசோணும். பிள்ளையைத் தூக்கிற ஆக்களின்ர உடுப்பும் அப்பிடித்தான் இருக்கோணும்."

நான் வீட்டில் வந்து சொன்னேன்.

"நானும் ரெண்டு பேரை வளர்த்தனான்" என்றார் மச்சாள். "ஒருத்தருக்கும் தோல் உரியேல்லை."

"மிட்வைஃப் சொன்னவா, மச்சாள்."

"அவவின்ர வீட்டில ஆரும் கடலுக்குப் போறவையோ? அவவுக்கென்ன, சொல்லுவா."

பிறகு நானே துவைக்கத் தொடங்கினேன். கடலால் வந்து, குளித்து, தனி வாளியில் பிள்ளையின் உடுப்பையும் நானும் மனைவியும் வீட்டில் உடுப்பதையும் ஊறப் போடுவேன். எங்கள் கிணறு உவர். குழாயில் காலையில் கொஞ்ச நேரம் வரும் நல்ல தண்ணீரைத்தான் எல்லாருக்கும் பிடித்து வைக்க வேண்டும். அதில் பாதியை நான் அலசலுக்கு எடுத்தேன். முற்றத்தில் தனிக் கொடியும் கட்டினேன்.

"அத்தான், உங்கட மகள் என்ன மகாராணியோ, தனி வாளி, தனிக் கொடி?" என்று தம்பி சிரித்தான். "நாளைக்கு வலையையும் ரெண்டுதரம் அலசுவமோ?"

நானும் சிரித்தேன். மச்சாள் சிரிக்கவில்லை. "கொடி பிரிச்சாச்சு. இனி உலையும் பிரிக்கிறதுதானே" என்றார்.

மூன்று கிழமையில் தோல் ஆறியது. ஆனால் மச்சாள் தூக்கினால் அடுத்த நாள் கன்னம் சிவக்கும். தூக்காதேயுங்கோ என்று எப்படிச் சொல்வது? ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் பிள்ளையை வாங்க வரும்போதெல்லாம் அவர் தோளில் ஒரு வெள்ளைத் துவாயை விரித்துவிடுவேன். பிள்ளை கக்கும், சேலை பழுதாகும் என்று சாட்டுச் சொல்வேன். கொஞ்ச நாள் அப்படியே நடந்தது. ஒருநாள் துவாயை இழுத்து என் கையில் தந்தார்.

"எனக்கென்ன தொத்து வருத்தமோ?"

அந்த மனத்தாங்கலைத் தீர்க்கத்தான் அவரையே ஞானத்தாயாக நிற்கக் கேட்டோம். கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் சொல்லலாம். ஞானஸ்நானச் சட்டை ஞானத்தாய் தருவது. அவரே வெட்டி, அவரே தைத்து, நெஞ்சில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ போட்டார். கோயிலில்தான் அதை விரிக்க வேண்டும், அதற்கு முதல் யாரும் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு முறை. நானும் பார்க்கவில்லை. துவைத்தீர்களா, எதில் துவைத்தீர்கள் என்று கேட்க என் புத்திக்கு எட்டவில்லை. புதுத் துணிதானே என்று இருந்துவிட்டேன்.

பங்குச் சுவாமி என் மகளின் தலையில் தண்ணீர் ஊற்றினார். மச்சாள் பையைத் திறந்து சட்டையை எடுத்தார். அப்பொழுதே வாசம் முகத்தில் அடித்தது. ஒரு தரமல்ல, இரண்டு தரம் முக்கியிருப்பார். கழுத்து ஈரத்தோடு இருந்த பிள்ளைக்கு அதைப் போடப் போனார்.

"மச்சாள், இதில வாசம்..." என்று காதுக்குள் சொன்னேன்.

"கோயில். பேசாமல் இருங்கோ" என்றார். "என்ர பிள்ளை மீன் மணத்தோடயோ ஞானஸ்நானம் எடுக்கிறது?"

அடம்பன் ஊரில் இருந்து வந்த சொந்தங்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பிள்ளையின் கையைப் பிடித்துச் சட்டைக் கைக்குள் விட்டேன். என் கையாலேயே விட்டேன். இந்த வெள்ளாடையை மாசுபடாமல் காப்பாற்று என்ற கருத்தில் சுவாமி செபித்தார். நான் ஆமென் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் கழற்றச் சொன்னேன். அன்றைக்குப் பொழுது படும்வரை அந்தச் சட்டையைக் கழற்றுவதில்லை, அதுவும் ஒரு முறை. மனைவி என்னைக் கும்பிடாத குறையாகச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, ஆக்கள் சாப்பிட்டுப் போகட்டும். அக்காவைச் சபையில அவமானப்படுத்தாதேயுங்கோ." படம் எடுத்தார்கள். சாப்பிட்டார்கள். பிள்ளை மடி மாறி மாறி அழுதது. நித்திரைக் குணம் என்றார்கள். நானும் இறைச்சிக் கறிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பந்தி பார்த்தேன்.

பொழுது பட்டுச் சட்டையைக் கழற்றும்போது அக்குளில் துணியோடு தோலும் வந்தது.

மறுநாள் காய்ச்சல். புண்ணில் கிருமி தொற்றிவிட்டது என்று ஆஸ்பத்திரி வார்டில் மறித்து வைத்துக்கொண்டார்கள். ஐந்து நாள். அந்தச் சின்னக் கையில் ஊசி ஏற்ற நரம்பு தேடினார்கள். என்ன நடந்தது என்று டொக்டர் கேட்டார். சட்டை என்றேன். தெரிந்துகொண்டா போட்டீர்கள் என்று கேட்டார்.

இரண்டாம் நாள் மத்தியானம் மச்சாள் சுடுதண்ணிப் போத்தலில் சூப் கொண்டு வந்தார். வார்ட் வாசலில் நின்று, "பிள்ளைக்கு எப்பிடி?" என்றார். அவரும் நித்திரை கொண்டிருக்க மாட்டார், அது கண்ணில் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, என் கை செய்ததை வேறொருவர் தலையில் வைக்க.

"நீங்கள் ஒண்டைப் பெத்திருந்தால் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

பக்கத்துக் கட்டில்காரர் எல்லாருக்கும் கேட்டது. அவர் சூப்பை என் மனைவியின் கையில் கொடுத்தார். "சூட்டோட குடி" என்றார். வெளியே போய் பஸ் ஏறிவிட்டார்.

பிள்ளை தேறியது, ஆண்டவருக்குத் தோத்திரம். நான் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். போய் அவரிடமே மன்னிப்புக் கேள் என்றார் சுவாமி. கேட்டேன். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்: "ஓம், மன்னிச்சிட்டன். நற்கருணை வாங்கிறனான்தானே, மன்னியாமல் இருக்கேலுமோ?" முன்பென்றால் என்னை ஏசியிருப்பார். ஏசியிருந்தால் நல்லது.

அதன்பின் அந்த வாசத் தண்ணீர் வீட்டுக்குள் வரவே இல்லை. யாரும் கேட்கவில்லை, அவரே விட்டுவிட்டார். இப்போது எல்லாருடைய உடுப்பும் வெறும் சவர்க்காரத்தில் ஒன்றாகவே ஊறுகிறது. மீன் மணம் முழுதாகப் போவதில்லை. ஞாயிறு பூசைக்கு மச்சாள் பின் வாங்கில் போய் இருக்கிறார். முன்னுக்கு வாங்கோ என்றால், இங்கே காற்று வரும் என்கிறார்.

மகள் இப்போது தவழ்கிறாள். தோலில் ஒரு அடையாளமும் இல்லை. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் அவள் போவது மச்சாளிடம்தான். போய் அவருடைய சேலை நுனியைப் பிடித்து எழும்பி நிற்பாள். அவர் இரண்டு கையையும் நெஞ்சுக்கு மேலே தூக்கிக்கொள்வார், பிள்ளையில் படாமல்.

"பிள்ளை வந்திட்டுது, ஆராவது எடுங்கோ" என்று உள்ளே பார்த்துக் கூப்பிடுவார்.

நான் போய் எடுப்பேன்.