ஈரப் படத்தில் வைத்த பொட்டு

மனைவியின் கருமாதிக்கு மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. மகன் தன் செல்லில் இருந்ததை அவிநாசி ஸ்டுடியோ ஒன்றில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கி வந்தான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் நான் வாங்கித் தராத நகைகளையெல்லாம் கம்ப்யூட்டர் போட்டுவிட்டிருந்தது.

“நல்லா இருக்குதுங்களாப்பா?”

“நல்லாருக்குது. யாரு இது?”

அவன் எழுந்து போய்விட்டான். எனக்கு அழுகை வரவேண்டிய நாளிலேயே வரவில்லை. பிறகு அதை எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

பீரோவில் நான் எடுத்த பழைய நெகட்டிவ் ஒன்று இருந்தது. வெயிலில் நின்று, சீக்கிரம் எடுத்துத் தொலையுங்கள் என்பதுபோல் என்னை முறைத்துக்கொண்டிருப்பாள். அதுதான் அவள். நானே பிரிண்ட் போட்ட காலத்தில் வாங்கி வைத்திருந்த தாளில், சோதனைக்கு வெட்டியதுபோக முழுதாக ஒன்றே மிஞ்சியது.

சாயப்பட்டறை லேபில் தலைமை வேதியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முறைகளுக்குக் குறைவில்லை. பாத்ரூம் ஜன்னலைக் கறுப்புப் பனியன் துணியால் மூடி, சிவப்பு பல்பு போட்டேன். படத்தை நிலைநிறுத்தும் உப்புக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. துணியில் தங்கும் குளோரினைப் போக்க பிளீச்சிங் பட்டறைகளில் மூட்டை மூட்டையாகக் கொட்டுவது அதைத்தான். போர் தண்ணீரை நம்பாமல் கேன் தண்ணீர் வாங்கினேன். காய்ந்தால் படம் சற்றுக் கறுக்கும் என்பதால் கொஞ்சம் வெளிறலாகவே எடுத்தேன். தட்டிலிருந்த மருந்துக்குள் முதலில் தலைமுடி வந்தது, பிறகு புருவம், பிறகு முறைப்பு. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலசி முடித்து, நீர் வடிய ஒரு கண்ணாடியில் ஒட்டி ஹாலில் சாய்த்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது குன்னத்தூரிலிருந்து வந்திருந்த கொழுந்தியாள், படத்தின் நெற்றியில் குங்குமம் வைத்து முடித்திருந்தாள்.

“அக்கா நெத்தி வெறுமையா இருந்துச்சுங்க மாமா. சுமங்கலியாப் போனவளுங்க.”

தாளின் மேல் பூசியிருக்கும் ஜெலட்டின் ஈரத்தில் ஊறிப்போய் இருக்கும். சாயத்தைக் கண்டால் விடாது. இந்தக் காலத்துக் குங்குமமோ முக்கால்வாசி சாயம். கண்ணெதிரே சிவப்பு புருவம்வரை இறங்கியது. அவள் முந்தானையை எடுத்தாள்.

“தொடைக்காதீங்க அம்மிணி. இன்னும் பரவும்.”

“ஐயோ, தப்புப் பண்ணிப்போட்டனுங்களா?”

அந்தச் சிவப்பை வெளுக்கும் மருந்து எனக்குத் தெரியும். அது படமாகப் படிந்திருக்கும் வெள்ளியையும் சேர்த்தே கரைக்கும். பொட்டோடு நெற்றியும் போகும். வேறு தாளும் இல்லை.

“அந்த ஸ்டுடியோ படத்தையே வெச்சுக்கலாங்கப்பா,” என்றான் மகன்.

“வேண்டாம். இது காஞ்சதும் ஃப்ரேம் போட்டுட்டு வா.”

கருமாதியன்று பெருமாநல்லூர் சம்பந்தி படத்தின் முன் வெகுநேரம் நின்றார். “கருப்பு வெள்ளையில பொட்டு மட்டும் கலருங்க. புது மாடலாட்ட இருக்குது. யாருங்க பண்ணுனது?”

பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கொழுந்தியாளைக் காட்டினேன்.