பின்விளக்கு எரியுதாட்டி?

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அம்மா நர்ஸ் வேலைக்குக் குவைத் போனாள். அப்பா அதற்கு முன்பே அங்கே இருந்தார். என்னைத் திசையன்விளையில் மாமா வீட்டில் விட்டுவிட்டார்கள். அத்தை இறந்து ஒரு வருஷம்கூட ஆகாத வீடு அது. மாமா பேச்சைக் காசு கொடுத்து வாங்குகிறவர் மாதிரி சிக்கனமாகப் பேசுவார். எனக்கோ வாய் ஓயாது. பேச ஆள் கிடைக்காமல், கிணற்றுக்குள் தலையை நீட்டி என் பேரை நானே கூப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

மாமாவிடம் ஒரு டிராக்டரும் படகு ஏற்றுகிற டிரெய்லரும் இருந்தன. கடற்கரையில் பழுதான பைபர் படகுகளைப் பட்டறைக்குக் கொண்டுபோவது தொழில். டிரெய்லரைப் பின்பக்கமாகக் கடலுக்குள் இறக்கினால்தான் படகு மிதந்து வந்து ஏறும். அதனால் படகைவிட அதிகமாக உப்புத்தண்ணீர் குடித்தவை அதன் பின்விளக்குகள்தாம். சூடான பல்பு தண்ணீர் பட்டால் உடைந்துவிடும் என்று, கடலில் இறக்கும் முன்பே ஒயரைப் பிடுங்கிவிடுவார். அப்படியும் ஹோல்டருக்குள் பச்சைக் களிம்பு பூத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, மூடியைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவுவார். உப்பை விரட்ட உப்புத்தாளா என்று கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் டிராக்டரில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பார்.

"எரியுதாட்டி?"

பின்னால் நின்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஓட்டுகிறவருக்குத் தன் வண்டியின் பின்விளக்கு தெரியாதல்லவா? அத்தை இருந்தவரை அவள்தான் நிற்பாளாம்.

"இடது எரியுது மாமா! வலது செத்துட்டு!"

"இப்பம்?"

"எரியுது, எரியுது! நல்லா எரியுது!"

அந்த வீட்டில் நான் சத்தமாகப் பேச, அதைக் காதுகொடுத்துக் கேட்க ஒருவர் இருந்தது அந்த நேரத்தில்தான். பின்னால் விளக்கு இல்லாவிட்டால் லாரிக்காரன் வந்து இடிப்பான் என்று மாமா ஒருதரம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அவர் உயிரோடு வீடு திரும்புவதே என் கண்ணால்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். காய்ச்சல் வந்த அன்றும் போர்வையோடு போய் நின்றேன். வீடியோ காலில் அம்மா, "அங்க என்னட்டி செய்யுத?" என்று கேட்டால், "மாமாவ நான்தான் பாத்துக்கிடுதேன்" என்பேன். அம்மா சிரிப்பாள். எனக்குக் கோபம் வரும்.

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் அம்மா வேலையை விட்டுவிட்டு வந்தாள். பாளையங்கோட்டையில் வீடு பார்த்திருந்தாள். கிளம்பும் அன்று, விடிந்தும் விடியாத நேரத்தில், எனக்கு ஒரே கவலைதான். இனி யார் நின்று பார்ப்பார்கள்? அழுகையை அடக்கிக்கொண்டு மாமாவிடமே கேட்டேன்.

"நீ ஒண்ணும் வெசனப்படாத. இங்கன வா."

டிரெய்லரின் பின்பக்கம் வீட்டுச் சுற்றுச்சுவரைப் பார்த்தபடி நின்றது. மாமா ஏறி பிரேக்கை மிதித்தார். சுவரில் இரண்டு சிவப்பு வட்டங்கள் விழுந்தன. சீட்டிலிருந்தே கழுத்தைத் திருப்பி அவற்றைப் பார்த்தார்.

"பாத்தியா? இங்க இருந்தே தெரியுது. இனி சுவரு சொல்லிரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி மாமா, ஒரு சுவர் போதுமா! அப்படியானால் என்னை எதற்கு வெயிலிலும் மழையிலும் நிற்கவைத்தார்? சின்னப்பிள்ளை என்று விளையாட்டுக் காட்டியிருக்கிறார் மனுஷன். நான் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சுவரை ஓங்கி அறைந்தேன். தலையைத் தடவ வந்த அவர் கையைத் தட்டிவிட்டேன். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "என்னட்டி இது, ஒரே சுண்ணாம்பு?" என்று முந்தானையால் துடைத்துவிட்டாள்.

நான் அறைந்தது பூசாத செங்கல் சுவர். வெளிச்சம் விழுந்தாலும் தெரியாதபடி பாசி ஏறிக் கறுத்துக் கிடந்தது. டிரெய்லருக்கு நேராக மட்டும், பின்விளக்கின் உயரத்தில், ஒரு பாயளவுக்கு வெள்ளையடித்திருந்தது. ஈரம் காயவில்லை. இதையெல்லாம் நான் பார்க்காமலில்லை. பார்த்துச் சொல்வதுதானே என் வேலை. என் இடத்தில் நிற்க வேறு யாரையும் கூப்பிட மனமில்லாமல், முந்தின ராத்திரி அவர் ஒற்றை ஆளாக அந்தச் சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறார் என்பதுதான் எனக்கு அன்று உறைக்கவில்லை.